நாலு விரற்கடை உயரம்

ஓடைக்கரைப்பட்டியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் தரையில் படாமல் ஓடிய அந்த ஏழு மாதத்தைப் பற்றி இன்றைக்குக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அம்மன் அருள் என்பார்கள், அந்தக் காலத்து இரும்பின் குணம் என்பார்கள், அப்படி ஒன்று நடக்கவே இல்லை, வெயிலில் கண் கூசியதுதான் என்று சொல்கிறவர்களும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் அதை ஓட்டிய சுடலைவடிவிடம் போய்க் கேட்டால், தனக்கு அப்போது வண்டி ஓட்டத் தெரியாது என்று மட்டும்தான் சொல்வாள்.

வடிவுதான் அந்த ஊருக்கும் அதற்கு அப்பால் உள்ள மூன்று சிற்றூர்களுக்கும் நர்ஸ். புதன்கிழமை தோறும் தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்வந்தாள். வண்டி அவள் கணவன் பரமார்த்தலிங்கம் வாங்கியது. அவன் நாக்பூருக்கும் அதற்கு மேலேயும் லாரி ஓட்டுகிறவன். தான் பிறப்பதற்கு முன்னால் செய்த ஒரு வண்டியைப் பாளையங்கோட்டைக் காயலான் கடையில் கண்டு மயங்கி, அக்கக்காகக் கழற்றிக் கொண்டுவந்து வீட்டு வாசலில் வைத்து மறுபடி பூட்டினான். டேங்கில் கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்ததால் ஊரில் நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். லீவு முழுக்க அதை உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் வீங்கியதுதான் மிச்சம், வண்டி கிளம்பவில்லை. கார்புரேட்டர் சரியில்லை என்றான், பெட்ரோலில் தண்ணி என்றான், காற்றில் ஈரம் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் லாரிக்குத் திரும்பிய மறுநாள் காலையில், கோழிக்கூட்டை மறித்துக்கொண்டு நின்ற வண்டியை வைதுகொண்டே வடிவு ஒரே ஒரு உதை உதைத்தாள். அது கிளம்பிய சத்தத்தில் கோழிகள் மூன்று நாள் முட்டையிடவில்லை.

மெக்கானிக் சாகுல் தன்னுடைய புது வண்டியில் மூன்று நாளும், இந்தக் கிழவண்டியில் மூன்று நாளும், வறண்டு கிடந்த கண்மாய்க்குள் அவளை ஓட்ட விட்டான். பழைய வண்டியில் எல்லாம் இடவலம் மாறி இருக்கும், பிரேக் இடது காலில், கியர் வலது காலில் என்று அவன் சொன்னதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே அவள் கண்மாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆறாம் நாள் விழாமல் வந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் வேலைக்கு ஆர்டர் வந்த நாளில்கூட இருந்ததில்லை.

இனி மேலத்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் நீளம் இருநூற்று அறுபது அடி. கீழத்தெருவில் பிறந்தவர் யாராக இருந்தாலும் அதன் முனையில் வண்டியை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, மறுமுனையில் அடிபம்புக்குப் பக்கத்தில் திரும்ப ஏறிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு போர்டு கிடையாது, சட்டம் கிடையாது, யாரும் யாரிடமும் வாய் திறந்து சொன்னதும் கிடையாது. தெரியாமலோ தெரிந்தோ ஏறிப் போகிறவனின் சைக்கிள் டயரில் காற்றைப் பிடித்து வைக்கிற வால்வு அன்று சாயங்காலத்துக்குள் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். வடிவும் அவள் கணவனும் கீழத்தெரு. மேலத்தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தொடையில் முதல் ஊசி போட்டவள் அவள்தான், வீட்டுக்குள் நாற்காலி போட்டு மோர் கொடுத்து நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் வண்டி என்று வந்தால் உருட்டத்தான் வேண்டும். வேறு வழியில் போகலாமென்றால் ஓடையைச் சுற்றி நாலு மைல்.

முதல் புதன்கிழமை, பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருமுனையில் இறங்கிவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டுதான் வடிவு புறப்பட்டாள். முனை வந்தது. பிரேக்கை மிதித்தாள். பதற்றத்தில் மிதித்தது சாகுலின் புது வண்டிப் பழக்கத்தில் வலது கால். அது கியரில் விழுந்தது, வண்டி நிற்பதற்குப் பதிலாக ஒரு குலுங்கு குலுங்கி மேலத்தெருவுக்குள் நுழைந்தது, நுழைந்த இடத்தில் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பியது, எழும்பியபடியே இருநூற்று அறுபது அடியும் போய், அடிபம்புக்குப் பக்கத்தில் தொம்மென்று தரையில் இறங்கியது. குலுக்கல் நின்றுபோனதை மட்டும்தான் வடிவு கவனித்தாள், பயத்தில் தனக்கு உடம்பு மரத்துவிட்டதென்று நினைத்தாள். தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் நன்றாகப் பார்த்தார்கள். ஒருத்தி குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள்.

மேலத்தெருவில் பெரிய ஆள் நல்லபெருமாள். காலையில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கிறவர், யாரையும் அதட்டிப் பேசாதவர். டயர் ஒரு இடத்தில் போக அதன் நிழல் தனியாகப் போவதை அவர் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். ஏறிப் போனாள் என்றார்கள் சிலர். தடத்தைக் காட்டு என்றார் நல்லபெருமாள். தெரு நெடுக ஆட்டுக்குளம்பு இருந்தது, மாட்டுவண்டித் தடம் இருந்தது, மோட்டார் சைக்கிள் தடம் இல்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பி, உட்காரச் சொல்லி, மிகவும் அன்பாகவே தீர்ப்புச் சொன்னார்.

"வழக்கம் மண்ணுக்குத்தான் வடிவு, காத்துக்குக் கெடையாது. நீ பாட்டுக்குப் போ, வா."

பாம்பும் சாகவில்லை, கம்பும் ஒடியவில்லை. வடிவுக்கு அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நூற்று எழுபது கிலோ இரும்பை மணலில் உருட்டுகிறவளுக்குத்தான் அந்த நிம்மதியின் அருமை தெரியும்.

அதன்பிறகு ஊர் அந்த அதிசயத்தை, பக்கத்து ஊரிலிருந்து கட்டிக் கொண்டுவந்த மருமகளைப் பழகிக்கொள்வதுபோலப் பழகிக்கொண்டது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பதற்கேற்ப அவள் கண்மாய்க்கரையில் வரும்போதே இங்கே சத்தம் கேட்கும், ஆனாலும் யாரும் ஓரம் ஒதுங்குவதில்லை. தெரு நடுவில் மிளகாய் வத்தல் காயப்போட்டவர்கள் அள்ள வேண்டியதில்லை, கோலம் போட்டவர்கள் கலைந்துவிடுமோ என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, கட்டிப் போட்ட ஆட்டின் கயிற்றை மேலேயே தாண்டிப் போய்விடும். அந்த இருநூற்று அறுபது அடிக்கும் டயர் தேயவில்லை என்று சாகுல் அலுத்துக்கொண்டான். கீழத்தெருக்காரர்களும் ஆசைப்பட்டு ஆளுக்கொரு புதன்கிழமை அவள் பின்னால் உட்கார்ந்து போனார்கள், அப்போதுதான் வண்டியின் இன்னொரு குணம் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் ஏறினால் ஒரு விரல்தான் கூடுதலாக எழும்பும். பிள்ளை பெற்ற பெண்கள் ஏறினால் ஒரு சாண். அறுபது வருடம் அந்தத் தெருவைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த முத்துவீரன் ஏறிய அன்று ஒரு முழத்துக்கு மேல் எழும்பியது. மேலத்தெரு வாலிபர்கள் இரண்டு பேர் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். முனை முதல் பம்பு வரை அது சாதாரண வண்டியாகத் தரையிலேயே ஓடியது, அவர்களுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்கூட.

கோவில்பட்டியிலிருந்து ஆட்கள் வேன் வைத்து வந்தார்கள். புதன்கிழமைகளில் தெருவின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டார்கள், கடலை மிட்டாய்க்காரர் வந்தார், வண்டியின் முன்சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். வந்தவர்களிடம் நல்லபெருமாள், எங்கள் தெரு மண்ணுக்கு அப்படி ஒரு விசேஷம், கண்டவர் தடம் அதில் விழாது என்று விளக்கம் சொன்னார். வடிவு அதைக் கேட்டுக்கொண்டேதான் போனாள். இத்தனை பேர் சிரித்த முகமாக இருந்தால் அது நல்ல காரியமாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள், நினைப்பு முடிவதற்குள் தெருவும் முடிந்துவிடும்.

பொங்கலுக்குப் பரமார்த்தலிங்கம் வந்தான். தன் கால் வீங்க உதைத்தும் அசையாத வண்டியை மனைவி ஓட்டுகிறாள் என்பதில் அவனுக்குப் பெருமைதான். புதன்கிழமை மீசையை முறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். தெருவுக்குள் நுழைந்ததும் வண்டி எழும்பியது, ஒரு சாண், ஒரு முழம், இடுப்பு உயரம், ஆள் உயரம், அதற்கும் மேலே வீடுகளின் ஓட்டு விளிம்பு வரைக்கும் எழும்பியது. கூரைமேல் யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பையும் ரப்பர் பந்தையும் வடிவு முதல்முதலாகப் பார்த்தாள். கீழே நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர், இதுவரைக்கும் இவன்தான் ஜாஸ்தி என்று கணக்குச் சொன்னார். அவன் முகத்தை அவள் முதுகில் புதைத்துக்கொண்டான், அது உயரத்துக்குப் பயந்து இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

பம்புக்குப் பக்கத்தில் இறங்கியதும் அவன் முகத்தைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

"நாக்பூரு, ராய்ப்பூரு, கட்டாக்குன்னு எத்தன ஊரு போயிருப்பேன். ஒரு ஊரு ரோடும் என்னைய இப்படித் தூக்கல. எனக்குள்ள இம்புட்டு பயமா இருந்துச்சு, வடிவு?" என்றான்.

அவன் திரும்பும்போது ஓடையைச் சுற்றி நாலு மைல் நடந்தே வீடு வந்தான், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை, இரண்டு நாள் முன்னதாகவே லாரிக்குப் போய்விட்டான். அந்த இரண்டு நாளும் வடிவுக்குத் தன் கணவனைத் தானே ஊர் நடுவில் நிறுத்தி அளந்து காட்டிவிட்டதுபோல நெஞ்சு அறுத்தது. இத்தனை மாதமாக அவர்கள் கைதட்டியது எதைப் பார்த்து என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இனி இந்த வண்டி அந்தத் தெருவில் தரையில்தான் ஓட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

முடிவு செய்வது எளிது. பின்னால் ஒரு மூட்டை மணல் கட்டிப் பார்த்தாள், மூட்டையோடு சேர்ந்து எழும்பியது. அம்மிக்கல்லை ஏற்றினாள், அம்மிக்கல்லும் போனது. கடைசியில் சாகுலிடம் போய் டயரில் என்னமோ கோளாறு என்றாள். அவன் டயரைப் பார்க்கவில்லை, யாரோ கோவில்பட்டிக்காரர் எடுத்துப் போட்டிருந்த வீடியோவைப் போனில் பெரிதாக்கிக் காட்டினான்.

"சக்கரத்துக்குக் கீழ நாலு வெரலு இருக்கா? இப்ப உங்களப் பாருங்கக்கா. உங்களுக்கும் சீட்டுக்கும் நடுவுல அதே நாலு வெரலு. நீங்க அந்தத் தெருவுல உக்காரவே இல்லியே."

வடிவு பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். தெருமுனையில் அவள் உடம்பு தானாகவே சீட்டை விட்டு எழுந்து, இடது கால் இறங்கத் தயாராகி, குனிந்த தலையோடு இருநூற்று அறுபது அடியும் இறங்கப் போகிறவளாகவே நின்றிருந்தது. ஐந்து வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முனையில் செருப்பைக் கழற்றியபோது உடம்பு படித்த பாடம். அவள் மறந்திருந்தாலும் உடம்பு மறக்கவில்லை.

அதன்பிறகு அவள் மறுபடி முதலிலிருந்து வண்டி பழகினாள். கிளட்ச், கியர், பிரேக்கெல்லாம் கைவந்துவிட்டது, உட்காருவதுதான் பாக்கி. மற்ற இடமெல்லாம் சாதாரணமாக உட்காருகிறவள் முனை வந்ததும் எழுந்துவிடுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தால் தொடை துள்ளும். ஒரு புதன்கிழமை மூன்று விரல் உயரம், அடுத்த வாரம் இரண்டரை, நடுவில் ஒரு வாரம் யாரோ இருமிய சத்தத்தில் மறுபடி நாலு. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நாற்காலிக்காரர்களுக்குச் சுவாரசியம் குறைந்தது, வேன்கள் வருவது நின்றது. வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதே, நல்ல மெக்கானிக்கிடம் காட்டக்கூடாதா என்று நல்லபெருமாள் அக்கறையோடு கேட்டார். காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன் ஐயா என்றாள் வடிவு.

மாசி மாதத்தில் அந்தப் புதன்கிழமை வந்தது. தெரு நடுவில் உளுந்தஞ்செடியைக் காயவிட்டு விரித்திருந்தார்கள். முனை வந்ததும் வடிவு மூச்சை இழுத்து விட்டாள், உடம்பின் கனம் மொத்தத்தையும் சீட்டில் இறக்கினாள், சீட்டுக்கு அடியில் பழைய ஸ்பிரிங் கிறீச்சிட்டது. உடனே கீழே நெற்றுகள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. தெருவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் ஹேண்டில்பார் வழியாக அவள் கைக்கு வந்தது. பார்த்துப் பார்த்துப் போகவேண்டிய மோசமான தெரு அது, பிறந்ததிலிருந்து அங்கேயே நடந்தவளுக்கு அன்றைக்குத்தான் அது தெரிந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு. நல்லபெருமாளின் பேரனுக்கு ஒன்பதாம் மாத ஊசி பாக்கியிருந்ததால் அவர் வாசலில் வண்டியை நிறுத்தி, தெருவிலேயே சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஊசி போட்டுத் திரும்பி வர கால்மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு டயரும் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தன, வால்வு இரண்டும் இல்லை. தெருவில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. நல்லபெருமாள் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"காத்து எறங்கிட்டு போலுக்கு. உருட்டிட்டுப் போயிரு வடிவு. பம்பு வரைக்கும்தான."

அடிபம்பு நூறு அடி தூரம். பெட்டியில் ஐஸ் மத்தியானம் வரைதான் தாங்கும், அப்பால் மூன்று ஊரிலும் பிள்ளைகளோடு காத்திருப்பார்கள். அடிபம்பு வரை உருட்டி நிறுத்திவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் நேரத்துக்குப் போய்விடலாம், ஆனால் உருட்டினால் இந்த ஏழு மாதமும் அதற்கு முந்திய எல்லா வருடங்களும் அப்படியே திரும்பி வந்துவிடும். ஸ்டாண்டில் நின்ற வண்டியில் ஏறி, நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"உருட்ட மாட்டேன் ஐயா" என்றாள்.

அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார். அவள் சாகுலுக்குப் போன் செய்தாள், அவன் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தான், சாயங்காலம்தான் வருவான். அப்பால் இருந்த ஊர்களுக்கும் போன் செய்து, வண்டி மேலத்தெருவில் நிற்கிறது, இங்கேயே வந்துவிடுங்கள் என்றாள். வெயில் ஏறியது. ஒன்பது மணி, பத்து மணி. அவள் இறங்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்கவுமில்லை. பதினொரு மணிக்குப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள், முதலில் நாலு பேர், பிறகு பதினாலு பேர், உளுந்தை மிதித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே வடிவு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசி போட்டாள். அத்தனை பிள்ளைகளும் ஒன்றுசேர்ந்து அழுத அழுகையில் பேப்பர் படிக்க முடியாமல் நல்லபெருமாள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைசிப் பிள்ளைக்கும் ஊசி போட்டாயிற்று, ஐஸும் உருகிவிட்டது. வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். தெருவில் அவளும் வண்டியும்தான். வீடுகளின் கதவுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது மட்டும் தெரிந்தது. சாயங்காலம் வரை உட்கார வேண்டும், நாளைக்கும் உட்கார வேண்டியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, நல்லபெருமாளின் மருமகள் கோமதி, காலையில் ஊசி போட்ட பிள்ளையின் தாய், வீட்டுக்குள்ளிருந்து காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்து உள்ளங்கையை விரித்தாள். இரண்டு வால்வும் இருந்தன.

"மாமா சட்டையத் தொவைக்கப் போட்டாவ. பையில கெடந்துச்சு" என்றாள், ஓரத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி.

அவளே குனிந்து வால்வைத் திருகினாள். பம்பை வாங்கிக்கொள்ள வடிவு ஒரு காலைக் கீழே வைக்கப் போனாள்.

"நீங்க எறங்காதீங்கக்கா. நான் அடிக்கேன்."

சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பம்பின் மேல் இரண்டு காலையும் வைத்து நின்று, கோமதி அடிக்க ஆரம்பித்தாள். பழக்கமில்லாத கை, பாதிக் காற்று வெளியில் போனது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, யாரும் வாசலைத் தாண்டவில்லை. உள்ளேயிருந்து நல்லபெருமாள் அவள் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை.

"வாரேன் மாமா. பின்சக்கரம் பாக்கியிருக்கு" என்று அவள் நிமிராமல் சொன்னாள்.

ஆள் உட்கார்ந்திருந்ததால் பின்சக்கரத்துக்கு அதிக நேரம் பிடித்தது. அவள் நெற்றி வியர்வை டயரில் சொட்டியது. அடிக்கு அடி சக்கரம் உருண்டு திரண்டது, வடிவைச் சுமந்துகொண்டு வண்டி மெல்ல மெல்ல மேலே எழும்பியது, கூடிப்போனால் ஒரு விரல் உயரம் இருக்கும். டயர் தரையில்தான் இருந்தது.